ஒரே உடல், இரண்டு பதிவேடுகள்: இருமுனைக் கோளாற்றின் முதுமையும் நெய்யாற்றின்கரையின் மருத்துவ வரலாறும்

திருவிதாங்கூரின் நவீன மருத்துவ வரலாற்றில் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு நிறுவனங்கள் தோன்றின. ஆயில்யம் திருநாள் மன்னராகவும் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் திவானாகவும் இருந்த காலம் அது. 1865இல் திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1870இல் அதே நகரில் மனநோயாளர் காப்பகம் நிறுவப்பட்டது. பின்னதன் தொடர்ச்சியே இன்று பேரூர்க்கடைக்கு அருகில் ஊளம்பாறையில் இயங்கும் மனநல மையம். சென்னையில் கீழ்ப்பாக்கம் காப்பகம் 1871இல் செயல்படத் தொடங்கியது என்பதை நோக்கினால், திருவிதாங்கூர் எடுத்த முடிவு தனித்த ஒன்றன்று என்பது புலப்படும். உடலுக்கு ஒரு கட்டடம், மனத்துக்கு வேறொரு கட்டடம் என்பதே அக்காலத்தின் பொது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் விலையை இன்று மிகுதியாகச் செலுத்துவோர் யார் என்று கேட்டால், முதுமையை எட்டிய இருமுனைக் கோளாற்று நோயர்களைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். பைபோலார் என்று பரவலாக அறியப்படும் இக்கோளாற்றில், கட்டற்ற எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும். இதனால் பாதிக்கப்பட்டோரின் ஆயுள் குறைவதற்குத் தற்கொலை ஒரு காரணம் என்பது பலரும் அறிந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இறப்பது இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய், பக்கவாதம் போன்ற உடல்நோய்களால்தான். மனநோய் என்ற பெயர் முன்னே நிற்பதால் உடல்நோய் கண்ணில் படாமல் போவதே இங்குள்ள சிக்கல். இச்சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களிலிருந்து வாசிக்க முடியும்.

*

பாலராமபுரம், பாலராம வர்மாவின் (1798–1810) பெயரைத் தாங்கிய ஊர். தெற்கேயிருந்த தமிழ்ப் பகுதியிலிருந்து சாலிய நெசவாளர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவ்வரலாற்றில் திவான் உம்மிணித் தம்பியின் பெயரும் இணைந்திருக்கிறது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று தெருக்களின் பெயர்களிலேயே தமிழ் தங்கியிருக்கிறது. குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி, நாள்முழுதும் முதுகு வளைத்து நெய்யும் தொழில் அங்கு இருநூறு ஆண்டுகளாகத் தொடர்கிறது.

இவ்வூர் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்துக்கு இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடமுண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் டபிள்யூ. பி. ஜேகாக்ஸ் 1928இல் திருவிதாங்கூருக்கு வந்தார். கொக்கிப்புழு ஒழிப்பு, கழிப்பிடம், தூய குடிநீர், தடுப்பூசி, தாய்சேய் நலம், சுகாதாரப் பரப்புரை ஆகியவற்றை ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்து செயல்படுத்திக் காட்டும் முன்மாதிரிச் சுகாதார அலகு 1930களின் தொடக்கத்தில் நெய்யாற்றின்கரையில் அமைந்தது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல் பணியாளர் வீடுதேடிச் செல்வது அதன் அடிப்படைக் கொள்கை. பிற்காலக் கேரளத்தின் ஆரம்பச் சுகாதார அமைப்புக்கு இத்தகைய முயற்சிகள் முன்னோடிகளாயின.

அந்த முன்மாதிரியில் மனநோய்க்கு இடமில்லை. உடல்நலப் பணியாளர் வீட்டு வாசலுக்கு வந்தார். மனநோயுற்றவரோ வீட்டிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒன்றில் நலம் ஊருக்குள் வந்தது. மற்றொன்றில் நோயர் ஊரைவிட்டு வெளியே சென்றார். "ஊளம்பாறை" என்ற இடப்பெயர் மலையாள வழக்கில் ஏளனச் சொல்லாகவே மாறிப்போனது இதன் விளைவு. ஒரு பெயர் வசைச்சொல்லாகிவிட்ட பிறகு, அப்பெயர் பொறித்த மருந்துச் சீட்டை வேறொரு மருத்துவரிடம் காட்ட எவரும் தயங்குவர். பின்னால் வரும் ஆபத்துகளுள் பல இந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகின்றன.

*

இருமுனைக் கோளாற்றின் மருத்துவ வரலாற்றை மனத்தின் வரலாறாக மட்டும் எழுதுவதே வழக்கம். பாரிசில் ஃபால்ரே 1851இல் வட்டமாகச் சுழலும் பித்து என்று இதனை விவரித்தார். 1899இல் எமில் கிரேப்லின் எழுச்சி–சோர்வுப் பித்து என்ற பெருவகைமைக்குள் இதனை அடக்கினார். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் ஒருமுனை, இருமுனை என்று பிரித்தார். 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் மூன்றாம் வகைப்பாட்டு நூல் இருமுனைக் கோளாறு என்ற பெயரை நிலைநிறுத்தியது. இவ்வரலாற்றில் நோயரின் உடலும் அவரது முதுமையும் அரிதாகவே தென்படுகின்றன.

அதற்கு ஒரு காரணம் உண்டு. மருந்துகள் தோன்றுவதற்கு முற்பட்ட காப்பகங்களில் பலர் முதுமையை எட்டவே இல்லை. உறக்கமும் உணவுமின்றி நாள்கணக்கில் நீடிக்கும் கடும் எழுச்சியின் முடிவில் உடல் தளர்ந்து இறப்பதை, களைப்பு மரணம் என்றே 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர். நெரிசல் மிகுந்த கூடங்களில் காசநோயும் வயிற்றுப்போக்கும் மற்றவர்களைக் கொண்டுபோயின. முதுமை என்பது இந்நோயருக்குப் புதிதாகக் கிடைத்த ஒன்று. அதனைப் பெரிதும் சாத்தியமாக்கியவற்றுள் முதன்மையானது லித்தியம் என்னும் எளிய உப்பு. அந்த உப்பின் வரலாற்றிலேயே மனமும் உடலும் பிரிக்க முடியாதவை என்ற பாடம் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், விடுதலைக்குப்பின் மெல்போர்னுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் பணியாற்றினார். எழுச்சி நிலைக்குக் காரணமான நச்சுப்பொருள் ஏதேனும் உடலில் சுரக்கிறதா என்பது அவரது ஐயம். நோயரின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வின் வழியே அவர் லித்தியத்தை வந்தடைந்தார். எழுச்சி நிலையிலிருந்த 10 நோயரிடம் கண்ட பயனை 1949 செப்டம்பரில் வெளியிட்டார். மனநோயின் வேரை உடலில் தேடியவர் கண்டெடுத்த மருந்து அது.

அதே 1949இல் அமெரிக்காவில் வேறொரு நிகழ்வு. இதயநோயும் உயர் இரத்த அழுத்தமும் உடையவர்கள் சாதாரண உப்பைத் தவிர்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு கலந்த உப்பு விற்கப்பட்டது. அதை உணவில் தூவிக்கொண்டவர்களில் சிலர் நஞ்சேறி இறந்தனர். அந்த உப்பு சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. உடலில் சோடியம் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும் என்பது இதற்குக் காரணம். கேட் முதன்முதலில் லித்தியம் கொடுத்த நோயரும் 1950இல் அதன் நச்சுத்தன்மையால் உயிரிழந்தார். ஒரே ஆண்டில் ஒரே பொருள், மனத்துக்கு மருந்தாகவும் தளர்ந்த இதயத்துக்கு நஞ்சாகவும் அறிமுகமானது.

1951இல் மெல்போர்னைச் சேர்ந்த நோவாக்கும் டிரவுட்னரும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் கண்காணித்து மருந்து கொடுக்கும் வழியைக் காட்டினர். 1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌவும் அவருடைய குழுவினரும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றை வெளியிட்டனர். அமெரிக்கா 1970இல்தான் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இதற்கிடையே, 1968இல் ஸ்கௌ குழுவினர் லித்தியம் உட்கொள்வோரிடம் தைராய்டு வீக்கம் தோன்றுவதை விவரித்தனர். 1977இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நீண்டகாலம் லித்தியம் உட்கொண்டோரின் சிறுநீரகத் திசுவில் மாற்றங்களைக் கண்டனர். மனத்தைக் காத்த மருந்து பல்லாண்டுகள் கழித்து உடலிடம் கணக்குக் கேட்கும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இதனை லித்தியத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ளலாகாது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாகக் காட்டும் சான்றுகள் இம்மருந்துக்குப் பலகாலமாக உண்டு. 60 வயதைக் கடந்த 224 பேரிடம் லித்தியத்தையும் வால்புரோயேட்டையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை 2017இல் வெளியானது. எழுச்சியைத் தணிப்பதில் லித்தியம் சற்று மேலாகவே நின்றது. திடீரென நிறுத்தினால் நோய் மீளும் ஆபத்தும் பெரிது. மாற்று மருந்துகளும் தீங்கற்றவை அல்ல: ஒலான்சபின் போன்றவை உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டுகின்றன, வால்புரோயேட்டும் எடையைக் கூட்டவல்லது. எனவே எந்த மருந்தைத் தேர்ந்தாலும் உடலைத் தொடர்ந்து கண்காணிப்பது அச்சிகிச்சையின் பகுதியே.

*

முதுமையை எட்டிய இருமுனைக் கோளாற்று நோயரின் உடல்நிலை குறித்த ஆய்வுகளை லாலா, சஜடோவிக் ஆகியோர் 2012இல் தொகுத்து ஆராய்ந்தனர். அத்தொகுப்பின்படி, ஒருவருக்குச் சராசரியாக 3 முதல் 4 உடல்நோய்கள் உடனிருந்தன. உயர் இரத்த அழுத்தம் 45 முதல் 69 சதவீதத்தினரிடமும், நீரிழிவு 18 முதல் 31 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. சில ஆய்வுகளில் பாதிப்பேர் வரை வளர்சிதை மாற்றக் கோளாறு உடையோராயிருந்தனர்.

இவற்றைவிட முக்கியமான சான்று சுவீடனிலிருந்து வந்தது. அந்நாட்டின் வயதுவந்தோர் ஏறத்தாழ 65 இலட்சம் பேரின் பதிவுகளை கிரம்ப் குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். அவர்களில் 6,618 பேர் இருமுனைக் கோளாறு உடையோர். பிறரோடு ஒப்பிடுகையில் இவர்களுள் பெண்கள் 9.0 ஆண்டுகளும் ஆண்கள் 8.5 ஆண்டுகளும் முன்னதாக இறந்தனர். இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய், புற்றுநோய் போன்ற நாள்பட்ட நோய்களால் இறக்கும் அபாயத்தை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தனர். அந்நோய்கள் முன்பே கண்டறியப்பட்டிருந்தவர்களிடம் அபாயம் பொதுமக்களைப் போல 1.40 மடங்கு, கண்டறியப்படாதவர்களிடம் 2.38 மடங்கு.

இவ்விரு எண்களுக்கிடையிலான தொலைவில்தான் இப்பொருளின் சாரம் இருக்கிறது. மனநோய் இருந்தும், உடல்நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. மனநோயையும் மருந்துகளின் பின்விளைவையும் மட்டும் காரணமாகக் காட்டி இந்த இழப்பை விளக்கிவிட முடியாது. பார்க்கப்படாமை என்பதும் ஒரு காரணம். திருத்தக்கூடிய காரணமும் அதுவே. சுவீடன் போன்ற வலுவான பொதுமருத்துவக் கட்டமைப்பு உள்ள நாட்டிலேயே நிலை இதுவென்றால், மனத்துக்கும் உடலுக்கும் தனித்தனி வாயில்கள் வகுத்த பகுதிகளின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

*

நெய்யாற்றின்கரையின் எல்லைச் சிற்றூர்களில் இப்பிளவோடு இன்னொரு பிளவும் சேர்ந்துகொண்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த கோரிக்கையில் நெய்யாற்றின்கரைப் பகுதியும் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்து களியக்காவிளையில் நுழைந்தால் மாநிலம் மாறும், அரசு மருத்துவமனையின் பதிவேடு மாறும், ஆவண மொழி மாறும். திருமண உறவும் தொழிலும் சந்தையும் எல்லைக்கு இருபுறமும் பரவியிருக்க, மருத்துவக் குறிப்புகள் மட்டும் எல்லையோடு நின்றுவிடுகின்றன. மகன் வீட்டில் சில மாதங்களும் மகள் வீட்டில் சில மாதங்களும் கழிக்கும் முதியவருக்கு இது சிறிய இடர்ப்பாடன்று.

உளமருத்துவத்தைப் பொது மருத்துவத்தோடு இணைக்கும் முயற்சிகள் இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் கிரீந்திரசேகர போஸ் தொடங்கிய பிரிவே நாட்டின் முதல் பொது மருத்துவமனை உளமருத்துவப் பிரிவாகக் கருதப்படுகிறது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெல்லாரியில் சோதிக்கப்பட்ட முறையைப் பின்பற்றி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கிற்று. 1999இல் அது திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தது. மருத்துவக் குழு குறிப்பிட்ட நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்கே வந்து நோயரைப் பார்க்கும் முறை அதன்வழி உருவானது. 1930களின் சுகாதார அலகு உடல்நலத்துக்குச் செய்ததை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து மனநலத்துக்குச் செய்யும் முயற்சி இது.

ஆயினும் பிளவு முற்றிலும் நீங்கிவிடவில்லை. அது கட்டடத்திலிருந்து பதிவேட்டுக்கு இடம்பெயர்ந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010இல் தனியாகத் தொடங்கப்பட்டது. ஒரே மருத்துவமனை வளாகத்தில் மனநலத்துக்கு ஒரு நாள், தொற்றா நோய்க்கு வேறொரு நாள். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை, தனி அறிக்கை. 2015–16இன் தேசிய மனநல ஆய்வு, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. அதன்படி, இருமுனைக் கோளாறு உடையோரில் 70.4 சதவீதத்தினர் உரிய சிகிச்சை பெறவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, கேரளத்தின் வயதுவந்தோரில் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 சதவீதம், இந்தியாவில் 8.6 சதவீதம். முதுமை, நீரிழிவு, சிகிச்சை பெறாத மனநோய் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் இது.

*

இச்சந்திப்பு ஒரு நெசவாளரின் உடலில் எவ்வாறு நிகழக்கூடும் என்பதை மருந்தியலின் துணைகொண்டு வரைந்து பார்க்கலாம். நடுவயதில் நோய் கண்டறியப்பட்டு லித்தியத்தால் நிலைபெற்றவர் 65 வயதை எட்டுகிறார். வயது கூடக்கூடச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைகிறது. முன்பு பொருந்திய மாத்திரை அளவே இப்போது மிகுதியாகிறது. இரத்த அழுத்தத்துக்காக வேறொரு மருத்துவர் தயசைடு வகை நீரிறக்கியோ எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரையோ எழுதித் தருகிறார். உப்பைக் குறைக்கவும் சொல்கிறார். இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்கினால் சரியான மருத்துவமே. ஆனால் ஒவ்வொன்றும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை உயர்த்தவல்லது.

தறிக்குழியில் கழித்த ஆண்டுகள் முதுகிலும் முழங்காலிலும் வலியாகத் தங்கியிருக்கின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளும் சிறுநீரகத்தில் லித்தியத்தைத் தேக்குகின்றன. கோடையின் வியர்வையோ மழைக்காலத்து வயிற்றுப்போக்கோ உடலின் நீரையும் உப்பையும் குறைக்கும்போது நிலை எல்லை கடக்கிறது. கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தடுமாறுகிறது. வீட்டார் இதை வயதின் தளர்ச்சி என்பர். நோயின் வரலாற்றை அறிந்தவர் பழைய மனநோய் திரும்பிவிட்டது என்பார். உண்மையில் அது இரத்தப் பரிசோதனை ஒன்றால் கண்டறியக்கூடிய நச்சேற்றம்.

ஊளம்பாறைச் சீட்டை மறைத்தவருக்கு இரத்த அழுத்த மருத்துவர் லித்தியத்தைப் பற்றி அறியாமலே மருந்து எழுதுவார். சீட்டைக் காட்டியவருக்கோ எதிர்த்திசையில் ஓர் ஆபத்து உண்டு: நெஞ்சுவலி என்று சொன்னாலும் அது மனத்தின் கற்பனை என்று தள்ளப்படலாம். மறைத்தாலும் இழப்பு, காட்டினாலும் இழப்பு என்ற இந்த இக்கட்டு நோயரின் குணக்குறையால் விளைந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட ஏற்பாடு தலைமுறைகள் தாண்டி இன்றைய மருத்துவரின் மேசையில் வந்து அமர்ந்திருக்கிறது.

*

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்வகையில் முக்கியமானது. உடல்நோய் உடையோருக்கு இணையாகவே மனநோய் உடையோருக்கும் எல்லா மருத்துவ சேவைகளும் வழங்கப்பட வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. இதனைப் பெரும்பாலும் காப்பீடு பற்றிய விவாதத்தில்தான் மேற்கோள் காட்டுகின்றனர். முதிய இருமுனைக் கோளாற்று நோயரைப் பொறுத்தவரை இச்சமத்துவத்தின் பொருள் இன்னும் எளியது: மனநல மருத்துவ நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை பார்க்கப்பட வேண்டும், லித்தியம் உட்கொள்வோருக்கு அதன் இரத்த அளவு, கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் ஆகியவை குறித்த இடைவெளியில் அளக்கப்பட வேண்டும், எல்லா மருந்துகளும் ஒரே அட்டையில் எழுதப்பட வேண்டும். எல்லை கடந்து செல்வோர் கையில் அந்த அட்டை இருமொழியில் இருப்பது நலம். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

ஆய்வாளர்களுக்கும் இதில் பணியுண்டு. காப்பகங்களின் வரலாறு சேர்க்கை, அடைப்பு, விடுவிப்பு ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. பொதுச் சுகாதார வரலாறோ கொக்கிப்புழு, அம்மை, காலரா என்று செல்கிறது. இவ்விரு வரலாறுகளையும் தனித்தனித் துறைகளாகவே படித்துவரும் வரை, 1865க்கும் 1870க்கும் இடையில் விழுந்த கோடு ஆய்வேடுகளிலும் தொடரும். காப்பகங்களின் இறப்புப் பதிவுகளை உடல்நோய்களின் வரலாறாகவும் வாசிக்கலாம். நெய்யாற்றின்கரைச் சுகாதார அலகின் வரலாற்றை அது யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற கேள்வியோடும் அணுகலாம்.

வீட்டு வாசலுக்குச் சென்று, மண்ணையும் நீரையும் உணவையும் உடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைத் திருவிதாங்கூர் கற்ற இடங்களுள் நெய்யாற்றின்கரை முதன்மையானது. அதே வட்டத்தின் தறிக்கூடத்தில் நடுங்கும் கையோடு அமர்ந்திருக்கும் முதியவரிடமும் அப்பாடம் செல்லுமானால், சுவீடன் ஆய்வு காட்டிய எட்டு, ஒன்பது ஆண்டு இழப்பில் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும்.